முப்பரிமாண ஒலி ஹெட்போன்: மூன்று மாதங்கள் கண்ணை மூடிக் கேட்ட பிறகு

மூன்று மாதங்களுக்கு முன்பு நான் வாங்கிய ஹெட்போனின் பெட்டி மீது, என்னைச் சுற்றி 360 டிகிரியிலும் ஒலி கேட்கும் என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். ஒரு சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதைக் காதும் மூளையும் சேர்ந்து எப்படிக் கண்டுகொள்கின்றன என்பதில் எனக்கு நெடுநாள் ஆர்வம் உண்டு. அதனால் அந்த வாசகத்தை அப்படியே நம்பவும் முடியவில்லை. விளம்பரம்தானே என்று தள்ளிவிடவும் மனம் வரவில்லை. காதுக்கு ஒன்றாக இரண்டே ஒலிபெருக்கிகளை ஒட்டி வைத்துக்கொண்டு, எதிரே பாடுபவரை எதிரேயும், பின்னால் வரும் காலடியைப் பின்னாலும் கேட்க வைப்பது எளிய வேலை அன்று. இக்கருவி அதை எந்த அளவுக்குச் செய்கிறது என்பதை மட்டுமே இங்கு எழுதுகிறேன். பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்குகிறது, எத்தனை நிறங்களில் கிடைக்கிறது என்பவற்றைப் பெட்டியிலேயே படித்துக்கொள்ளலாம்.

நிறுவனத்தின் பெயரை எழுதாமல் விடுவதற்குக் காரணம் உண்டு. நான் சொல்லப்போகும் நிறைகளும் குறைகளும் பெரும்பாலும் இந்த ஒரு மாடலுக்கு மட்டும் உரியவை அல்ல. காதை முழுவதும் மூடி, தலை அசைவை உணர்ந்து, காதுமடலைப் படம் எடுத்து அதற்கேற்ப ஒலியைத் திருத்தித் தருவதாகச் சொல்லும் எந்த ஹெட்போனுக்கும் அவை ஏறக்குறையப் பொருந்தும். என்னுடையதில் இவற்றோடு, வெளியே நடப்பதை மைக்குகள் வழியாக உள்ளே கேட்க வைக்கும் வெளியொலி முறையும், தொலைந்துபோனால் 'பீப்' என்று ஒலித்துத் தன்னைக் காட்டிக்கொடுக்கும் வசதியும் இருக்கின்றன. கடைசியாகச் சொன்ன வசதி தனிக் கதை. அதற்குப் பிறகு வருகிறேன்.

சோதித்த முறையை முதலில் சொல்லிவிட வேண்டும். முடிந்தவரை எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டே கேட்டேன். திரையில் ஒருவர் பேசுவதைப் பார்த்துக்கொண்டு கேட்டால், குரல் உண்மையில் எங்கிருந்து வந்தாலும் அந்த வாயிலிருந்தே வருவதாக மூளை முடிவுகட்டிவிடும். உதட்டை அசைக்காமல் பேசிப் பொம்மையைப் பேச வைக்கும் கலைஞர்கள் பிழைப்பது இந்தப் பலவீனத்தால்தான். திசையைப் பொறுத்தவரை கண் சொல்வதை மூளை காது சொல்வதைவிடப் பெரிதும் நம்புகிறது. விற்பனைக் கூடத்தில் இந்த ஹெட்போனை மாட்டிவிட்டபோது, எதிரே ஒரு பெரிய திரையையும் வைத்திருந்தார்கள். ஒலி அற்புதமாக முன்னாலிருந்து வந்தது. வீட்டுக்கு வந்து அதே காட்சியைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டபோது, பேசியவர் மெதுவாக என் உச்சந்தலைக்கு ஏறிக்கொண்டார்.

இடம், வலம் பிரிப்பதில் இக்கருவிக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். ஆனால் அதில் இதன் சாமர்த்தியம் என்று தனியாக ஒன்றும் இல்லை. ஒலி வலப்புறமிருந்து வந்தால் அது வலக்காதை முதலில் அடைகிறது, இடக்காதைச் சற்றுப் பிந்தி அடைகிறது. இடையில் தலை மறைப்பதால் இடக்காதில் அது சற்று மங்கியும் கேட்கிறது. ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே பிரபு 1907இல் இவ்விரண்டு தடயங்களையும் அதிர்வெண்ணுக்கு ஏற்பப் பிரித்துக் காட்டினார். 200 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 1.7 மீட்டர், அத்தனை பெரிய அலைக்கு நம் தலை ஒரு தடையே அல்ல என்பதால், அங்கே நேர வேறுபாடுதான் கைகொடுக்கிறது. 5,000 ஹெர்ட்ஸில் அலைநீளம் 7 சென்டிமீட்டராகக் குறுகிவிடுவதால் தலையின் நிழல் அழுத்தமாக விழுகிறது. மிக உயர்ந்த அதிர்வெண்களில் இரு காதுகளுக்கும் இடையே ஒலியின் உரப்பில் 20 டெசிபல் வரை வேறுபாடு உண்டாகலாம். இந்த இரண்டையும் ஹெட்போனில் போலியாக உண்டாக்குவது எளிது. வலக்காதுக்குச் சற்று முன்னதாகவும் சற்று உரக்கவும் அனுப்பினால் போதும். சாதாரண ஸ்டீரியோ ஹெட்போனும் இதில் தேறிவிடும். என்ன, அதில் பாடகர் தலைக்குள்ளேயே இடமும் வலமுமாக நகர்வார்.

இங்கே கருவியை விட்டுவிட்டு மூளையைச் சற்றே வியக்கலாம். ஒலி முழுக்க ஒரு பக்கமிருந்து வந்தாலும், இரு காதுகளையும் அது அடையும் நேர வேறுபாடு ஏறத்தாழ 650 மைக்ரோ விநாடியைத் தாண்டாது (ஒரு மைக்ரோ விநாடி என்பது விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). பயிற்சி பெற்ற காது இதில் 10 மைக்ரோ விநாடி அளவிலான மாற்றத்தைக்கூட உணர்கிறது. ஒரே ஒரு நரம்புத் துடிப்பு தோன்றி அடங்குவதற்கே ஏறக்குறைய 1,000 மைக்ரோ விநாடி ஆகும் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்தத் துல்லியம் எத்தகையது என்று புரியும். மூளைத்தண்டில் ஆலிவ் காயின் வடிவத்தை ஒத்திருப்பதால் அப்பெயரையே பெற்ற ஒரு பகுதியில், இரு காதுகளிலிருந்தும் வரும் துடிப்புகள் முதன்முறையாகச் சந்தித்து ஒப்பிடப்படுகின்றன. வெவ்வேறு நீளமுள்ள நரம்பிழைகள் தாமதத்தை ஈடுகட்ட, இரு துடிப்புகளும் ஒரே கணத்தில் வந்து சேரும் நரம்பணு எதுவோ அதுவே திசையைச் சொல்கிறது என்று உளவியலாளர் லாயிட் ஜெஃப்ரஸ் 1948இல் ஒரு மாதிரியை முன்வைத்தார். கூகை ஆந்தையின் மூளையில் ஏறக்குறைய அப்படியே ஓர் அமைப்பு பின்னர் கண்டறியப்பட்டது. பாலூட்டிகளில் அது வேறு விதமாக நடக்கிறது என்று வாதிடுவோரும் உண்டு. இத்தனை நுண்ணியமாக அளக்கும் மூளைக்கு ஒலியைத் தரும் கருவி, இரு பக்கத்தையும் ஒரே கடிகாரத்தில் இயக்க வேண்டும். இரு பக்கமும் தலைப்பட்டை வழியாகக் கம்பியால் இணைந்த ஹெட்போனில் இதற்குத் தனி முயற்சி தேவையில்லை. காதுக்குக் காது தனித்தனியாக இயங்கும் இயர்பட்களில்தான் அதற்கென உழைக்க வேண்டியிருக்கும்.

உண்மையான சோதனை தொடங்குவது, மூக்கிலிருந்து உச்சந்தலை வழியாகப் பிடரி வரை செல்லும் நடுக்கோட்டில். அந்தக் கோட்டில் ஒலி எங்கிருந்தாலும் இரு காதுகளையும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் அடைகிறது. ராலேயின் இரு தடயங்களும் அங்கே வாயடைத்துப்போகின்றன. பக்கவாட்டிலும் இதே சிக்கல் உண்டு. வலப்புறம் முன்னே 30 டிகிரியில் இருக்கும் ஒலியும், அதற்கு நேர்ப் பின்னே கண்ணாடிப் பிம்பம்போல் அமைந்த ஒலியும் ஒரே நேர வேறுபாட்டையே தருகின்றன. இத்தகைய புள்ளிகள் எல்லாம் காதிலிருந்து விரியும் ஒரு கூம்பின் பரப்பில் அமைவதால், இதைக் குழப்பக் கூம்பு என்கிறார்கள்.

ஒரு மாலை நண்பர் ஒருவரை அழைத்து, ஒரு சாவிக்கொத்தைக் கொடுத்து, நான் கண்ணை மூடி உட்கார்ந்திருக்க, ஓசைப்படாமல் நடந்து நடுக்கோட்டில் விரும்பிய இடத்தில் அதைக் குலுக்கச் சொன்னேன். நெற்றிக்கு எதிரே, உச்சிக்கு மேலே, பிடரிக்குப் பின்னே என்று அவர் மாற்றி மாற்றிக் குலுக்க, நான் ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் சரியாகக் கை காட்டினேன். பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அதனுடன் வரும் கைப்பேசிச் செயலியில் உள்ள மாதிரி ஒலிகளில் அதே சாவிக்கொத்து ஓசையைத் தேர்ந்தெடுத்து, தலை அசைவைத் தொடரும் வசதியை அணைத்துவிட்டு, நண்பர் அதை நடுக்கோட்டில் நகர்த்தக் கேட்டேன். பின்னால் வைத்தது பின்னால்தான் கேட்டது. மேலே வைத்தது பின்னால் சற்று உயரத்தில் கேட்டது. முன்னால் வைத்ததும், நண்பர் சிரித்ததால் தெரிந்தது, பின்னால்தான் கேட்டிருக்கிறது.

நிஜச் சாவிக்கொத்தை எனக்குக் காட்டிக்கொடுத்தது காதுமடல். அதன் மேடுபள்ளங்களில் பட்டுத் திரும்பும் ஒலி, நேராகக் காதுக்குழாய்க்குள் நுழையும் ஒலியோடு ஒரு மயிரிழை தாமதமாகக் கலக்கிறது. அப்படிக் கலக்கும்போது சில அதிர்வெண்கள் வலுப்பெறுகின்றன, சில ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. குறிப்பாக 6,000 முதல் 10,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில் ஓரிடத்தில் ஒலி சட்டென்று மங்கி, ஒரு பள்ளம் விழுகிறது. ஒலிமூலம் கீழிருந்து மேலே உயர உயர அந்தப் பள்ளமும் அதிர்வெண்ணில் நகர்கிறது. மூளை பிறந்தது முதல் இந்தக் காதோடு வாழ்ந்து, இந்தப் பள்ளங்களின் அகராதியை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறது. சாவிக்கொத்தின் கிணுகிணுப்பில் உயர் அதிர்வெண்கள் ஏராளம் என்பதால் அதைக் கண்டுபிடிப்பது எளிது. மோட்டாரின் தாழ்ந்த உறுமலில் அவை இல்லை என்பதால், தலையை அசைக்காமல் அது மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று சொல்வது கடினம். ஐயமிருப்பவர்கள் காதுமடலின் குழிவுகளை மாவு போன்ற மென்மையான ஏதாவது ஒன்றால், காதுக்குழாயை மட்டும் திறந்துவிட்டு, நிரப்பிக்கொண்டு சாவிக்கொத்தைக் கேட்டுப் பார்க்கலாம். இடம் வலம் பிசகாது. மேல் கீழ் மட்டும் கலைந்துபோகும்.

ஆகவே ஹெட்போன் முன்னால் ஓர் ஒலியை வைக்க வேண்டுமானால், என் காதுமடல் முன்னாலிருந்து வரும் ஒலிக்கு இடும் அதே பள்ளத்தைத் தானே வெட்டித் தர வேண்டும். ஆய்வகங்களில் இதற்கு எதிரொலி எழாத அறையில் ஆளை உட்காரவைத்து, காதுக்குள் சிறு மைக்கைப் பொருத்தி, சுற்றிலும் நூற்றுக்கணக்கான திசைகளிலிருந்து ஒலி எழுப்பி அளக்கிறார்கள். ஆளுக்குப் பதிலாகப் பொம்மைத் தலையை வைத்தும் அளப்பதுண்டு. கெமார் என்ற பொம்மையை வைத்து அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 710 திசைகளிலிருந்து எடுத்த அளவுகள் 1994இல் பொதுப் பயன்பாட்டுக்கு வெளியிடப்பட்டன. சிக்கல் என்னவென்றால், பொம்மையின் காது என் காது அல்ல. அடுத்தவர் காதால் கேட்கும்போது முன்பின் குழப்பம் கூடுகிறது என்பதும், குறிப்பாக முன்னால் இருப்பது பின்னால் கேட்கிறது என்பதும் 1990களிலேயே ஆய்வுகளில் பதிவாகிவிட்டன. என் சாவிக்கொத்துச் சோதனை புதிதாக ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை.

இதற்கு மருந்தாகத்தான் காதைப் படம் எடுக்கும் வசதியைக் கொடுத்திருக்கிறார்கள். கைப்பேசியை முகத்துக்கு நேராகவும், பிறகு இரு பக்கமும் பிடித்துப் படம் எடுக்கச் சொல்கிறது செயலி. இடக்காதைப் படம் எடுக்க நான் பட்ட பாடு, மூன்றாவது கை இல்லையே என்று வருந்த வைத்தது. படத்தைச் சேமித்ததும், உங்களுக்கான ஒலி தயார் என்று செய்தி வருகிறது. வித்தியாசம் தெரிகிறதா என்றால், தெரிகிறது: ஒலி சற்றுக் கூர்மையாகிறது. ஆனால் திசை? நண்பர் எனக்குச் சொல்லாமல் அந்த வசதியை இயக்கியும் அணைத்தும் சாவிக்கொத்தை நகர்த்த, நான் சரியாகச் சொன்னதும் தவறியதும் ஏறக்குறையச் சமமாகவே இருந்தன. 8,000 ஹெர்ட்ஸில் அலைநீளம் 4 சென்டிமீட்டருக்கும் சற்று அதிகம். காதுமடலில் சில மில்லிமீட்டர் பிசகினாலே பள்ளம் இடம்மாறிவிடும். அந்த ஆழத்தை வீட்டு விளக்கொளியில் எடுத்த ஒரு புகைப்படத்திலிருந்து கணக்கிடுவது சாதாரணச் செயல் அன்று. போதாக்குறைக்கு, ஹெட்போனின் மெத்தை காதின் மீது ஒவ்வொரு முறையும் சற்றே வேறு மாதிரி அமர்கிறது. அதுவும் அதே உயர் அதிர்வெண் பகுதியைத்தான் கலைக்கிறது. இந்த வசதிக்காக மட்டும் விலையுயர்ந்த மாடலைத் தேர்ந்தெடுக்க நினைப்பவர்களை நான் தடுப்பேன்.

இருந்தாலும் மூன்றாவது மாதத்தில், மேலே வைத்த ஒலிகளை முன்பைவிடச் சற்று நன்றாகப் பிரிக்க முடிகிறது என்று தோன்றியது. இதற்கு நிறுவனத்தை வாழ்த்துவதா, என் மூளையையா என்ற கேள்வி எழுகிறது. நெதர்லாந்தைச் சேர்ந்த ஹோஃப்மன் முதலான ஆய்வாளர்கள் 1998இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், சிலரின் காதுமடல் குழிவுகளில் அச்சுகளைப் பொருத்தி நாள்தோறும் அணிந்திருக்கச் செய்தார்கள். முதலில் உயரத்தைக் கண்டறியும் திறன் அவர்களுக்கு அடியோடு போய்விட்டது. ஆனால் சில வாரங்களில் புதிய காதுக்கான அகராதியை மூளை கற்றுக்கொண்டது. அச்சுகளைக் கழற்றியதும் பழைய காதும் உடனே வேலை செய்தது என்பதுதான் அதில் மிக அழகான செய்தி: புதிய மொழியைக் கற்றதற்காகப் பழைய மொழி மறந்துபோகவில்லை. நான் நாளுக்கு இரண்டு மணி நேரம்தான் ஹெட்போனை மாட்டுகிறேன் என்பதால் அந்த அளவுக்குக் கற்றிருக்க மாட்டேன். ஆனாலும், பழகப் பழக நன்றாகக் கேட்கிறது என்று பயனர்கள் எழுதும் மதிப்புரைகளைக் கற்பனை என்று இனி ஒதுக்க மாட்டேன்.

இத்தனை குறை சொன்ன பிறகும் இந்த ஹெட்போனை நான் திருப்பிக் கொடுக்காததற்கு ஒரே காரணம், தலை அசைவைத் தொடரும் வசதி. ஹான்ஸ் வாலாக் என்ற உளவியலாளர் 1940 வாக்கிலேயே இதன் அடிப்படையைத் தெளிவாக்கிவிட்டார். எதிரே ஒரு மணி ஒலிக்கிறது என்று கொள்வோம். தலையைச் சற்று வலப்பக்கம் திருப்பினால், மணி இப்போது இடக்காதுக்கு நெருக்கமாகிறது. அதே மணி பின்னால் இருந்தால், அதே திருப்பத்தில் அது வலக்காதுக்கு நெருக்கமாகிறது. குழப்பக் கூம்பின் முடிச்சை அவிழ்க்க, பத்து டிகிரி தலையசைவே போதும். காதுமடலின் பள்ளங்களைக்கூட நம்பியிருக்க வேண்டியதில்லை. இருட்டில் ஒரு சத்தம் கேட்டதும் நாம் தலையை இப்படியும் அப்படியும் திருப்புவது இதற்காகத்தான். ஆனால் சாதாரண ஹெட்போனில் ஒலியும் தலையோடு சேர்ந்தே சுற்றுகிறது. எப்படித் திரும்பினாலும் மாறாத ஒலிக்கு மூளை வெளியே இடம் ஒதுக்க மறுத்து, அதைத் தலைக்குள்ளேயே உட்கார வைத்துவிடுகிறது.

இக்கருவியில் உள்ள ஜைரோஸ்கோப், தலை எவ்வளவு திரும்பியது என்பதை நொடிக்குப் பலமுறை அளந்து, ஒலியை அதற்கு எதிர்த்திசையில் அதே அளவு சுழற்றுகிறது. வசதியை இயக்கிவிட்டு மீண்டும் சாவிக்கொத்தைக் கேட்டேன். அசையாமல் இருந்தவரை அது பிடரியில்தான் கேட்டது. தலையை மெல்ல வலப்பக்கம் திருப்பினேன். ஓசை இடக்காதுப் பக்கம் நழுவியது. அந்தக் கணமே, யாரோ எடுத்து வைத்ததைப்போல, சாவிக்கொத்து பிடரியிலிருந்து முகத்துக்கு எதிரே வந்துவிட்டது. திரும்ப நேராக அமர்ந்த பிறகும் சிறிது நேரம் அங்கேயே நின்றது. முதல் முறை இது நடந்தபோது, எதிரே யாரும் இல்லை என்று தெரிந்தும் நான் கண்ணைத் திறந்து பார்த்தேன். வைட்மன், கிஸ்லர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1999இல் இதையே ஆய்வகத்தில் காட்டியிருக்கிறார்கள்: கேட்பவர் தலையை அசைக்க விட்டால் முன்பின் குழப்பம் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. காதுப் படத்துக்குச் செலவிட்ட உழைப்பையும் இதிலேயே செலவிட்டிருக்கலாமே என்று நிறுவனத்தைக் கேட்கத் தோன்றுகிறது.

இந்த வசதியிலும் ஓட்டைகள் இல்லாமல் இல்லை. ஓடும் பேருந்தில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டபோது, வண்டி வளைவில் திரும்பியதும் பாடகர் சன்னலுக்கு வெளியே போய்விட்டார். திரும்பியது என் தலையா, வண்டியா என்பது ஜைரோஸ்கோப்புக்குத் தெரியாது. சில விநாடிகளில் ஒலியை மீண்டும் நடுவுக்கு இழுத்து வருகிறார்கள் என்றாலும், வளைவுகள் நிறைந்த சாலையில் பாடகருக்கு ஓய்வே கிடைப்பதில்லை. படுக்கையில் ஒருக்களித்துப் படுத்தாலும் இதே கதைதான். தலையை வேகமாகத் திருப்பினால் ஒலி ஒரு நொடிப்பொழுது தலையோடு இழுபட்டு வந்து, பிறகு தன் இடத்துக்குத் தாவுகிறது. அளவீடு ஹெட்போனிலிருந்து கைப்பேசிக்குப் போய், கணக்கிட்ட ஒலி புளூடூத் வழியாகத் திரும்பி வருவதில் ஏற்படும் தாமதம் அது என்று நினைக்கிறேன்.

தொலைவைப் பொறுத்தவரை இக்கருவியின் நிறுவனம் எளிய வழியைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. ஓர் ஒலி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை, நேராக வரும் ஒலிக்கும் சுவர்களில் பட்டுத் திரும்பும் எதிரொலிக்கும் உள்ள விகிதத்தை வைத்து மூளை மதிப்பிடுகிறது. திசைக்கு முதலில் வந்த ஒலியை மட்டும் எடுத்துக்கொண்டு, அடுத்த சில மில்லி விநாடிகளில் வரும் எதிரொலிகளைத் திசைக் கணக்கிலிருந்து ஒதுக்கிவிடுகிறது. வாலாக்கும் அவருடைய சகாக்களும் 1949இல் விளக்கிய இந்த முதல்வருகை விதி இல்லையென்றால், நான்கு சுவர்களுக்குள் பேசுபவர் எங்கே இருக்கிறார் என்றே நமக்குத் தெரியாது. ஒலியைத் தலைக்கு வெளியே தள்ளுவதற்குக் கொஞ்சம் போலி எதிரொலி சேர்ப்பது உண்மையிலேயே உதவும். ஆனால் இவர்கள் தாராளமாகச் சேர்த்துவிட்டார்கள். பேச்சுக்கும் திரைப்படத்துக்கும் அது பொருந்துகிறது; மெல்லிய குரலும் ஒற்றை வாத்தியமும் மட்டுமே உள்ள பதிவைக் கேட்டால், பாடகர் கிணற்றுக்குள் இறங்கிவிட்டாரோ என்று தோன்றுகிறது. ஸ்டீரியோவுக்காகப் பதிவு செய்த இசையை நான் இந்த எதிரொலியை அணைத்துவிட்டே கேட்கிறேன்.

மாறாக, மிக அருகில் உள்ள ஒலிகளில் இது அசத்துகிறது. செயலியின் மாதிரி ஒலிகளில் ஒரு கொசு உண்டு. கொசுவின் ரீங்காரம் தாழ்ந்த அதிர்வெண்ணில் இருப்பதால், தொலைவில் இருக்கும்போது இரு காதுகளிலும் அதன் அளவு ஏறக்குறையச் சமமாக இருக்கும். காதுக்கு ஒரு சாண் அருகில் வந்துவிட்டாலோ, ஒரு காதில் மட்டும் சட்டென்று உரத்துவிடும். பொம்மைத் தலையின் காதருகே பதிவு செய்ததைப் போன்ற அந்த நெருக்கம் அதில் அப்படியே இருக்கிறது. நண்பருக்கு முன்னறிவிப்பின்றி அதைக் கேட்க வைத்தபோது, அவர் ஹெட்போனின் மீதே ஓங்கி அறைந்துகொண்டார்.

குழு அழைப்புகளில் பேசுபவர்களை ஆளுக்கொரு திசையில் உட்கார வைக்கும் வசதியும் பாராட்டத்தக்கது. இரைச்சலுக்கு நடுவே ஒருவர் பேச்சை மட்டும் பிரித்துக் கேட்பது எப்படி என்று காலின் செர்ரி என்ற ஆய்வாளர் 1953இல் ஆராய்ந்த காலத்திலிருந்தே, குரல்கள் வெவ்வேறு இடங்களிலிருந்து வந்தால் பிரித்தறிவது எளிது என்பது தெரிந்த செய்திதான். இங்கே முன்பின் குழப்பம் வந்தாலும் கெடுதல் இல்லை. இடம் வலம் பிரிந்தாலே போதும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசும்போதுகூட யார் என்ன சொன்னார் என்பது எனக்கு விளங்குகிறது; கூட்டம் முடிந்த பிறகு தலைவலியும் குறைந்திருக்கிறது.

வெளியொலி முறையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மைக்குகள் ஹெட்போன் கிண்ணத்தின் வெளிப்புறத்தில் இருக்கின்றன. அதாவது, உலகத்தின் ஒலி என் காதுமடலைத் தொடாமலேயே உள்ளே வருகிறது. நேர வேறுபாடும் அளவு வேறுபாடும் ஓரளவு பிழைத்திருக்கின்றன. காதுமடலின் பள்ளங்கள் மொத்தமாகத் தொலைந்துபோகின்றன. சாலையோரம் நடந்துகொண்டிருந்தபோது ஒரு மிதிவண்டியின் மணி ஒலித்தது. எதிரே வருகிறது என்று நினைத்து, எதிரே யாரும் இல்லையே என்று திகைத்து நின்ற அந்த ஒரு விநாடியில், வண்டி பின்னாலிருந்து வந்து என் முழங்கையை உரசிச் சென்றது. ஓட்டியவர் என்னைத் திட்டியது மட்டும் எந்தத் திசையிலிருந்து என்று தெளிவாகக் கேட்டது. சுற்றுப்புறச் சத்தம் கேட்கிறது என்ற துணிச்சலில் இதை மாட்டிக்கொண்டு போக்குவரத்துக்கு நடுவே நடப்பது, மாட்டாமல் நடப்பதற்கு ஈடாகாது. கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை என்பது பெரிய குறை.

இனி அந்த 'பீப்'. இரண்டாவது மாதத்தில் ஒரு நாள் ஹெட்போனை எங்கோ வைத்துவிட்டு மறந்துபோனேன். செயலியில் தேடும் பொத்தானை அழுத்தியதும், வீட்டுக்குள்ளிருந்து பீப், பீப் என்று ஒலி எழுந்தது. வரவேற்பறையில் நின்றால் படுக்கையறையிலிருந்து வந்தது. படுக்கையறைக்குப் போனால் வரவேற்பறையிலிருந்து வந்தது. அலமாரிகளைத் திறந்தேன், கட்டிலுக்கு அடியில் தவழ்ந்தேன். கக்கத்தில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடியவளின் கதையாக, அது நான் பலமுறை கடந்துபோன நாற்காலியின் முதுகில், ஒரு துண்டுக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. கைப்பேசியில் அதிர்வெண்ணை அளந்து பார்த்தேன். ஏறத்தாழ 3,000 ஹெர்ட்ஸ், கலப்பில்லாத ஒற்றைத் தொனி.

ஸ்டீவன்ஸ், நியூமன் என்ற ஆய்வாளர்கள் இருவர் 1936இல் ஹார்வர்டு பல்கலைக்கழகக் கட்டடம் ஒன்றின் கூரைமீது உயரமான நாற்காலியில் ஆளை உட்கார வைத்து, எதிரொலிக்கு இடமில்லாத திறந்தவெளியில் சோதித்தார்கள். திசையைச் சொல்வதில் மனிதர்கள் மிக அதிகமாகப் பிழை செய்வது 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகளில்தான் என்று அவர்கள் கண்டார்கள். நேர வேறுபாடு பயன்படுவதற்கு அது மிக உயர்ந்த அதிர்வெண். தலையின் நிழல் திடமாக விழுவதற்கு அது போதாது. ஒற்றைத் தொனி என்பதால் காதுமடல் செதுக்குவதற்கும் அதில் ஒன்றுமில்லை. திறந்தவெளியிலேயே இப்படியென்றால், சுவர்களில் பட்டு எதிரொலிக்கும் வீட்டுக்குள் கேட்கவே வேண்டாம். இடத்தைக் கண்டறியும் அறிவியலையே விலைபேசும் ஒரு நிறுவனம், தன் பொருளைத் தேடுவதற்கென்று எல்லா ஒலிகளிலும் கண்டறிய மிகக் கடினமான ஒன்றைத் தேடிப் பிடித்திருக்கிறது. பீப்புக்குப் பதிலாகச் சாவிக்கொத்தின் கிணுகிணுப்பையோ, 'உஸ்' என்ற இரைச்சல் துண்டுகளையோ வைத்திருந்தால், நான் கதவருகே நின்றபடியே நாற்காலியைக் காட்டியிருப்பேன்.

வாங்க நினைப்பவர்கள் விற்பனைக் கூடத்திலேயே ஒன்றைச் செய்து பார்க்கலாம். திரையை அணைக்கச் சொல்லுங்கள்; கண்ணை மூடுங்கள்; ஒருவர் பேசும் பதிவை ஒலிக்கவிட்டு, தலையை மெதுவாக இடமும் வலமும் திருப்புங்கள். குரல் அறையில் ஓரிடத்தில் ஊன்றி நின்றால் தலை அசைவைத் தொடரும் வசதி சரியாக வேலை செய்கிறது. தலையோடு இழுபட்டு வந்தால், வேறு எந்த வசதியைப் பற்றிச் சொன்னாலும் கேட்காமல் எழுந்துவிடலாம். திரைப்படம் பார்ப்பதற்கும், விளையாடுவதற்கும், நீண்ட குழு அழைப்புகளுக்கும் இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். பாட்டு மட்டும் கேட்பவர்களுக்கு நல்ல ஸ்டீரியோ ஹெட்போனே போதும். என்னுடையதில் இப்போது காதுப் படம் அணைந்திருக்கிறது, எதிரொலி மிகக் குறைந்த அளவில் இருக்கிறது, தலை அசைவைத் தொடரும் வசதி மட்டும் எப்போதும் இயங்கிக்கொண்டிருக்கிறது. ஹெட்போனைக் கழற்றியதும் மாட்டிவைக்க, மேசையின் ஓரத்தில் ஓர் ஆணியும் அடித்திருக்கிறேன்.